ஒன்றும் கலக்காத பால்

1

உப்புவெளியில் இருக்கும் என் சித்தியின் மகள் வாசுகி போன கிழமை தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பால்மாப் பெட்டி ஒன்றின் பின்பக்கம். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். விற்றமின் டி சேர்க்கப்பட்டது என்ற வரி. கூடவே அவளுடைய குரல்.

"அக்கா, இது பிள்ளைக்குக் குடுக்கலாமோ? மாமி சொல்லுறா, மருந்து போட்ட பால்மா வேண்டாம், ஆரிட்டையாவது நல்ல பசுப்பால் எடுப்பம் எண்டு. நீங்கள் கனடாவில இருக்கிறியள், உங்களுக்குத் தெரியும்தானே."

கனடாவில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. குளிர் எப்படி இருக்கும் என்பதைத் தவிர எனக்கு உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். தெரிந்துகொள்ள எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரியது.

"குடு" என்று எழுதினேன். பிறகு அழித்தேன். வெறும் "குடு", வீட்டுக்குள் இருக்கும் மாமியாரின் பேச்சுக்கு முன்னால் எடுபடாது. நடந்ததைச் சொன்னால்தான் கேட்பார்கள். என் தம்பி ரவியிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று.

"எழுதுங்கோ அக்கா. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

2

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறேன். காலையில் போனதும் முதல் வேலை பால் ஊற்றுவது. இங்கே பால் பொலித்தீன் பைகளில் வரும். பையைப் பிளாஸ்ரிக் சாடிக்குள் இருத்தி, மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கி ஊற்ற வேண்டும். மூலையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டால் கோப்பைக்குப் போவதைவிட மேசைக்குப் போவதுதான் அதிகம். வெள்ளைக்காரக் கிழவிகள் அந்தப் பாலைச் சுடவைக்காமல், சீனி போடாமல், பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல் குடிப்பார்கள். பார்க்க எனக்கு இன்றும் பல் கூசும். எங்களுக்குப் பால் என்றால் அது தேத்தண்ணிக்குள் போக வேண்டிய சாமான்.

பையில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் என்னென்னவோ எழுதியிருக்கும். எத்தனையோ வருடங்களாக அந்த எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. என் மகள் மதுரா அந்தப் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தாள். நேரான கால், உரத்த குரல், வாய்க்கு வாய். ஒரு குறையும் இல்லை.

ரவி பிந்தி வந்தவன். கலியாணம் முடித்து, மனைவி சுகந்தியின் ஸ்பொன்சரில் வந்தான். நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தபால் பெட்டி வாய் அளவுக்கு ஒரு யன்னல். அதற்கு வெளியே அரை வருடம் பனி, மிச்ச அரை வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் காரின் ரயர். ரவி வந்த கையோடு ஆங்கில வகுப்புக்குப் போனான். படித்ததை விடமாட்டான். சவர்க்காரப் பெட்டி, மீன் ரின், பஸ்ஸில் ஒட்டியிருக்கிற விளம்பரம், எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசிப்பான். ஒருநாள் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது பால் பையை எடுத்து வாசித்தான்.

"அக்கா, இதுக்குள்ள என்னவோ கலந்திருக்கிறாங்கள். எழுதியே கிடக்கு."

"இங்க எல்லாத்துக்குள்ளயும் ஏதோ போடுறவங்கள்தான். நீ குடி."

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். வாசிக்காத என் பிள்ளை தப்பினாள். வாசித்தவன் பிள்ளைதான் அகப்பட்டாள்.

3

ரவி ஏன் கோப்பையை வைத்தான் என்பது எனக்குத் தெரியும். ஊரில் எங்களைத் தெரிந்தவர்களுக்கும் தெரியும்.

திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் அப்பா மாடு வைத்திருந்தவர். காலையில் கறந்து, இரண்டு கேன்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் போவார். அந்தச் சண்டைக் காலம் வழியில் ஆமிக்காரரின் சோதனைப் பொயின்றில் இறங்காமல் ஒருவரும் ரவுணுக்குள் போக ஏலாது. மூட்டை கொண்டு போகிறவர்களின் மூட்டைக்குள் குத்திப் பார்ப்பதற்கு அங்கே ஒரு நீளக் கம்பி வைத்திருந்தார்கள். அரிசிக்குள் குத்துவார்கள், கருவாட்டுக்குள் குத்துவார்கள், மணலுக்குள் குத்துவார்கள். அதே கம்பியால்தான் பாலையும் கிண்டினார்கள். அடியில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று.

கம்பி இறங்கிய பாலை அப்பா விற்க மாட்டார். கடைக்காரருக்குத் தெரியவா போகிறது? யாருக்கும் தெரியாது. ஆனாலும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவுவார். ஊற்றும்போது ஒரு சொல் சொல்ல மாட்டார். நாங்களும் பக்கத்தில் போக மாட்டோம். அன்றைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று அம்மாவும் கேட்க மாட்டா.

அவர் வாயில் கோபமாக வந்த பேச்சு எனக்கு ஒன்றுதான் ஞாபகம். "பாலுக்குள்ள ஆரும் கை வைக்கக் கூடாது." அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதுதான் சமயம், அதுதான் அரசியல். அப்பா செத்து மாடுகளும் போன பிறகு ரவிக்கு மிஞ்சிய முதுசம் அது ஒன்றுதான். காணி கொஞ்சம் இருந்திருந்தால் அவ்வளவு பத்திரமாக அதைக் காத்திருக்க மாட்டான்.

4

எங்கள் ஆட்கள் இங்கே ஆட்டிறைச்சிக்கு நகரத்துக்கு வெளியே பண்ணைகளுக்குப் போவார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வான் வண்டியில் போய், ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டு வருவது. அப்படிப் போன பண்ணை ஒன்றில் ரவி மாடுகளைக் கண்டான். கண்டதும் இறைச்சியை மறந்துவிட்டான். பண்ணைக்காரன் வயதான வெள்ளைக்காரன். காய்ச்சாத பாலைப் பண்ணையிலிருந்து நேரே விற்பது இங்கே சட்டப்படி குற்றம். ஆனாலும் ரவி ஒரு மாட்டின் மடியைத் தடவிய விதத்தைப் பார்த்ததும் கிழவன் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு கிழமைக்கொரு தடவை போத்தல்கள் வந்தன.

சுகந்தி அதைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவாள். கிருமி விசயத்தில் அவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. அவர்களுடைய மகள் ஆரணி பிறந்து தாய்ப்பால் குடித்த காலத்தில் கிளினிக்கில் ஒரு சிறு போத்தலில் விற்றமின் துளிகள் கொடுத்தார்கள். அதையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். பிள்ளை ஒரு வயது தாண்டிப் பசுப்பால் குடிக்கத் தொடங்கியதும், போத்தல் முடிந்ததோடு விட்டுவிட்டார்கள்.

கிளினிக் தாதி ஒவ்வொரு முறையும் கேட்டாள், பிள்ளை பால் குடிக்கிறாளா என்று. சுகந்தி பெருமையாகச் சொன்னாள், ஓம், நல்லாகக் குடிக்கிறாள், வேறொன்றும் வேண்டாம் பாலே போதும் அவளுக்கு என்று. தாதிக்கு மகிழ்ச்சி. இந்த நாட்டில் பால் என்றால் அதற்குள் விற்றமின் இருக்கும் என்பது அவளுக்கு மழை மேலிருந்து விழும் என்பதுபோல. எந்த மாட்டுப் பால் என்று எந்தத் தாதி கேட்பாள்? கேட்டவளும் பிழையாகக் கேட்கவில்லை, சொன்னவளும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளையின் எலும்பு கரைந்துகொண்டிருந்தது.

வெயிலும் இல்லை. கோடையில் வெளியே கொண்டுபோனாலும் தள்ளுவண்டிலின் மேல் துணி போட்டு மூடித்தான் கொண்டுபோவாள் சுகந்தி, பிள்ளை கறுத்துப் போவாள் என்று. திருகோணமலையில் பிறந்த ஒருவருக்கு வெயில் என்பது தப்பி ஓட வேண்டிய ஒன்று. அதைத் தேடிப் போக வேண்டிவரும் என்று யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்?

5

ஆரணி நடக்கப் பிந்தினாள். கொழுத்த பிள்ளை, பிந்தித்தான் நடக்கும் என்றோம். கால் வில்லுப்போல வளைந்தது. எங்கள் குடும்பத்துக்கே வில்லுக்கால்தானே என்று சிரித்தோம். தூக்கினால் அழுவாள். ரவி வேலையால் வந்து ஆசையோடு தூக்குவான், அவள் வீரிட்டுக் கத்துவாள். அதனால் அவளுக்குச் சிணுங்கி என்று பட்டப்பெயர் வைத்தோம். எல்லாருமாகச் சேர்ந்து வைத்தோம். அந்தப் பெயரை இப்போது நினைத்தால் என் நாக்கை இழுத்து அறுக்கலாம்போல இருக்கிறது.

ஒருநாள் காலையில் சட்டை மாற்றும்போது அவளுடைய இடது கை தொங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். கையில் புது முறிவு ஒன்று. அதோடு விலாவில் ஒன்று, தானாகவே பொருந்தத் தொடங்கிய பழைய முறிவு. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வந்தவர்களின் முகம் மாறிவிட்டது.

நானும் மதுராவும் போய்ச் சேர்ந்தபோது ரவி சுவரோடு நின்றான். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி. பிள்ளை விழுந்தவளா? தெரியாது. யாராவது அடித்தார்களா? இல்லை. இந்தப் பழைய முறிவு எப்படி வந்தது? தெரியாது. நீங்கள் கோபக்காரரா? ஒன்றும் நடக்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதே பதில்.

மதுரா என்னை அறைக்கு வெளியே நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, மாமா ஏன் பொய் சொல்ற ஆள் மாதிரி நிக்கிறார்? அவங்க முகத்தைப் பார்த்துக் கதைக்கச் சொல்லுங்க. பார்க்காட்டி ஏதோ ஒளிக்கிறார் எண்டு நினைப்பாங்க."

எப்படிச் சொல்வேன் அவளுக்கு? ஊரில் ஆமிக்கு முன்னால் அப்படி நின்றவர்கள்தான் அந்த நாட்களில் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். முகத்தைப் பார்த்துக் கதைத்தவர்களையும், கேட்டதற்கு மேல் சொன்னவர்களையும் தேடிக்கொண்டு தாய்மார் இன்றும் திரிகிறார்கள். இங்கே பிறந்த என் மகளுக்குச் சீருடை போட்டவர் என்றால் வழி கேட்கக்கூடிய ஒரு மனிதர். அவளில் பிழையில்லை. அவளுக்கும் ரவிக்கும் நடுவில் நான் நின்றேன், ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்ல என்னிடம் மொழி இல்லை.

6

பிள்ளையை வீட்டுக்கு விடவில்லை. விசாரணை முடியும்வரை என் வீட்டில் இருக்கலாம், தாய்தகப்பன் தனியாக அவளோடு இருக்க முடியாது என்றார்கள். அவர்கள் வரலாம், ஆனால் சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து கூட இருக்கும்போது மட்டும். சின்ன வயதுப் பெண், நல்லவள்தான், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். என் இருக்கையறைக் கதிரையில் இருந்து குறிப்பெடுப்பாள். அவளுக்கு முன்னால் சுகந்தி தன் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு வெட்கப்பட்டாள். சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுவதற்குப் பரீட்சை எழுதுவதுபோல.

ஆரணி தாயிடம் மெல்ல மெல்லப் போனாள். தகப்பனைக் கண்டால் மட்டும் உடம்பை இறுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவாள். அவன் கை நீட்டினால் கண்ணை மூடுவாள். அந்தப் பெண் அதையும் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை தூக்கும்போதெல்லாம் அவளுக்கு நொந்தது. எலும்புதான் நொந்தது. பிள்ளைக்கு அது விளங்குமா? நோவும் அப்பாவும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன.

பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எலும்பு வைத்தியர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். இது ரிக்கெற்ஸ், எலும்பு இறுகாமல் மெதுவாகி வளைகிற வருத்தம். பாலில் கல்சியம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் விற்றமின் டி இல்லாவிட்டால் அதை எலும்புக்குள் சேர்க்க உடம்புக்கு ஏலாது. வீடு கட்டக் கல்லும் மண்ணும் சீமெந்தும் கொண்டுவந்து குவித்தாயிற்று, மேசன் மட்டும் வரவில்லை, அதுபோல என்று நான் ரவிக்குச் சொன்னேன். இப்படிப்பட்ட எலும்பு உடுப்பு மாற்றும்போதுகூட முறியலாம் என்றார் வைத்தியர். ஒரு காலத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகளின் கால்களும் இப்படித்தான் வளைந்தனவாம். அதனால்தான் பாலில் போட வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்களாம்.

வாசுகி, இந்த இடத்தை மாமிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. எங்கள் அப்பாவின் பாலிலும் அது இருக்கவில்லை. எங்களுக்கு வெயில் கொடுத்தது. அவர் சைக்கிளில் போன அந்த ரோட்டின் வெயில்தான் கொடுத்தது. உன் பிள்ளை மின்விசிறிக்குக் கீழே, யன்னல் திரை மூடிய அறைக்குள் வளருகிறாள். ஊர் வெயில் கூரைக்குள் இறங்கி வந்து அவளைத் தேடாது. பால்மாவைக் கொடு. கிளினிக்கிலும் ஒருக்கால் கேள்.

7

அலுவலகம் அதோடு விடவில்லை. பிள்ளை நிறையப் பால் குடித்ததாகக் கிளினிக்கில் பதிவு இருக்கிறது, பால் குடித்த பிள்ளைக்கு எப்படி இது வரும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரவி வாய் திறந்தால் முடிந்துவிடும். அவன் திறக்கவில்லை.

என் குசினியில் சுகந்தி அவனோடு சண்டை பிடித்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சொல்லுங்கோவன், பண்ணைப் பால்தான் குடுத்தனாங்கள் எண்டு! அந்தக் கிழவனைப் பிடிப்பாங்கள் எண்டு யோசிக்கிறியளோ?"

"அதுவும்தான்."

"வேற என்ன?"

"பால்ல பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"அது உங்கட அப்பாட மாடில்லை! எனக்கு என்ர பிள்ளை வேணும். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன், இஞ்ச நிக்கிற மச்சாளுக்கு முன்னாலயே சொல்லுறன், சொல்லிப்போட்டு உங்களை விட்டிட்டும் போவன்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கோடிக்குள் ஊற்றிய பாலை அவள் பார்த்ததில்லை. அவன் பார்த்தவன். என் தம்பியைப் பிள்ளைக்கு அடிக்கிறவன் என்று நினைக்கிறார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டு நிற்கிறான், இதைச் சொல்ல மாட்டேன் என்கிறான். எனக்கு அவனை அறையவும் வேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல இருந்தது.

அலுவலகம் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போனோம். நீள மேசை, தண்ணீர்ப் போத்தல்கள். அலுவலகத்துப் பெண், அவளுக்கு மேலான ஒருவர், எலும்பு வைத்தியர், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவரும் இலங்கையர்தான், ஆனால் எங்களைத் தெரியாதவர்போல் இருக்க வேண்டும் என்பது அவருடைய வேலை. நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம். பிள்ளைக்கு என்ன பால் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். சுகந்தி வாயைத் திறந்தாள். அதற்கு முன் ரவி கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குவதுபோல. முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான்.

"பண்ணையில வாங்கின பால். நான்தான் வாங்கினனான். மனிசி காய்ச்சிக் குடுத்தவ, அவவில ஒரு பிழையும் இல்லை."

எந்தப் பண்ணை என்று அவர்கள் கேட்டார்கள். சொல்ல ஏலாது என்றான். அதை அவர்கள் வற்புறுத்தவில்லை. பிறகு அந்த மேலதிகாரி கேட்டார், கடைப் பாலில் விற்றமின் டி சேர்த்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா, யாரும் சொல்லவில்லையா என்று. தெரியாது என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சுகம். அந்தக் கேள்வியே அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல்தான் இருந்தது.

"தெரியும். பையில எழுதியிருந்தது. அதாலதான் வாங்கேல்லை."

மொழிபெயர்ப்பாளர் உடனே மாற்றிச் சொல்லவில்லை. ரவியைப் பார்த்தார். "இதை இப்படியே சொல்லட்டோ?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டார். அது அவருடைய வேலைக்குள் வராத கேள்வி. ரவி ஓம் என்றான். அவர் சொன்னார். மேசையில் இருந்த எல்லோரும் என் தம்பியைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. விளங்காத ஒன்றைப் பார்ப்பதுபோல.

8

அடிக்கவில்லை என்று முடிவானது. ஆனால் கவனக்குறைவு என்று எழுதினார்கள். தண்ணீர் கலந்த பாலை ஒருநாளும் விற்காத வீட்டுப் பிள்ளைக்குப் பால் விசயத்தில் கவனக்குறைவு. ரவி கையெழுத்துப் போட்டான். பெற்றோர் வகுப்புக்குப் போனான். என் வீட்டில் ஆரணி துளி மருந்தும் பைப் பாலும் குடித்தாள். கை பொருந்தியது. அழாமல் தூக்கவிட்டாள். கதிரையைப் பிடித்து நின்றாள், பிறகு மேசையைப் பிடித்து, பிறகு ஒன்றையும் பிடிக்காமல். கால் வளைவு முழுக்கப் போகவில்லை, போகும் என்கிறார்கள். தகப்பன் வருகிற நாளில் மட்டும் நடக்க மாட்டாள். அவனைக் கண்டதும் நிலத்தில் இருந்துவிடுவாள். பிள்ளை நடக்கிறாள் என்று அவனுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

கூட்டிக்கொண்டு போகலாம் என்று அலுவலகம் சொன்ன நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லை, யாரும் எழுதவில்லை. சுகந்தி அறைக்குள் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரணி யன்னலடியில் நின்றாள். நான் குசினி வாசலில். ரவி கதவடியில் சப்பாத்தைக் கழற்றினான். அவளைப் பார்த்தான். பிறகு முழங்காலில் இருந்தான். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், அவளுக்குத் தெரியாதபடி.

"வாங்கோ அம்மா. அப்பா தூக்கமாட்டன். சத்தியமாத் தூக்கமாட்டன்."

அவள் நிலத்தில் இருந்துவிடவில்லை. யோசித்தாள். பிறகு நடந்தாள். அவனை நோக்கித்தான் வந்தாள், கிட்ட வந்தாள், அவன் முழங்காலை உரசிக்கொண்டு அவனைத் தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரம் நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

ரவி கையை அவிழ்க்கவேயில்லை. முழங்காலிலேயே திரும்பினான். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யாரிடம் போனாள் என்று அவன் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தான்.

"நடக்கிறாள் அக்கா" என்றான். "பாருங்கோ, நடக்கிறாள்."